சமாரியன் உவமையும் சுவிசேடப் பொருள்கோள் முறையும்

ஒரு நூலின் ஒரு பகுதியை எடுத்து அதன் பொருள் இதுவென நாட்டப் புகுவார், அப்பகுதி யாரால், யாரை நோக்கி, எவ்வினாவிற்கு விடையாக, எந்நிகழ்ச்சியை அடுத்துக் கூறப்பட்டதென முன்னர் ஆராய்தல் வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒத்தல், பயின்று வருதல், புதுமை, பயன், புகழ்ச்சியுரை, பொருத்தம் என்னும் குறிகளால் நூற்கருத்தைத் துணிக என வடநூலார் வகுத்தனர். பாயிரங் கேட்ட பின்னரே நூல் கேட்டல் முறையெனத் தமிழ் நூலார் கொண்டனர். தம் நூலை ஆராயுங்கால் இந்நெறிகளைப் போற்றிவிட்டுப் பிற சமய நூலை எடுத்தவிடத்து அவற்றைக் கைவிடுதல் நடுநிலையாளர்க்குத் தகாது.

கிறித்தவருடைய சுவிசேடங்கள் நான்கும் தமிழ்நாட்டிற் பெரும்பாலும் இருவகையாற் பயிலப்பட்டு வந்தன. கண்டிக்கப் புகுந்தோர் தமக்கு எளிதாக இடந்தருஞ் சில வசனங்களைப் பிரித்தெடுத்துக் கண்டித்தனர். சமயங்களெல்லாம் ஒன்றே என உடன்பட்டுப் புகழப் புகுந்தோரும் தமக்கு இனியவாகிய சில வசனங்களையே பிரித்தெடுத்துப் புகழ்ந்தனர். நோக்கத்தில் இவர் மாறுபடினும் முறையில் வேறுபட்டாரல்லர். வசனம் வசனமாகப் பிரித்தெடுத்தற்கு அந்நூல்களின் இப்போதைய அச்சு வடிவமும் துணை செய்கின்றது. மூல ஏட்டுப் பிரதிகளில் வசன எண்கள் இல்லை. அதிகாரப் பகுப்பு கி. பி. 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வசன எண்களோ 1551இல் இராபர்ட்டு எசுத்தியேன் என்னும் அச்சகத்தார் ஜெனிவா நகரிற் பதிப்பித்த கிரேக்கப் பதிப்பின்கண்ணே புதிய ஏற்பாட்டிற்கு அமைக்கப்பட்டவை. இடங்காட்டுதற்கென இட்ட எண்ணைப் பொருள் முடிவின் எல்லையெனக் கொள்ளுதல் பெரிதும் பிழைபடுதற்கு ஏதுவாகும்.

நெறியைப் பொதுவிற் கூறிப் போதலினும் ஓரிடத்தின்கண் வைத்துக் காட்டுதல் தெளிவு பயக்குமாதலின், யாவரும் அறிந்ததாகிய சமாரியன் உவமை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும். அது லூக்கா எழுதிய சுவிசேடத்தின் பத்தாம் அதிகாரத்தில் மட்டுமே உள்ளது. ஏனை மூவரும் அதனைக் கூறிற்றிலர்.

லூக்காவின் நூல் பாயிரம் உடையது. தமக்கு முன் பலர் அவ்வரலாற்றைத் தொகுக்க முயன்றனர் என்பதும், கண்ணாரக் கண்டோர் வாயிலாகச் செய்தி வழிவழி வந்தது என்பதும், தாம் அதனை ஆராய்ந்து ஒழுங்குபட எழுதுவதாகவும் தியோப்பிலு என்பானை நோக்கி எழுதுவதாகவும் உள்ள செய்திகள் அப்பாயிரத்தாற் பெறப்படும். இயேசு பேசிய மொழி அரமேயம். நூல் எழுந்த மொழி கிரேக்கம். மாற்கின் சுவிசேடம் கி. பி. 70ஐ ஒட்டி எழுந்ததென்றும், மத்தேயுவும் லூக்காவும் அதனைக் கண்முன் வைத்துக்கொண்டு பின்னர் எழுதினரென்றும் ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் கொள்வர். எனவே, லூக்காவின் ஒரு பகுதியைப் படிப்போன் இரண்டு அவைகளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்: இயேசு பேசியபோது எதிரிருந்த யூதர் அவை ஒன்று, பல ஆண்டு கழித்துக் கிரேக்கத்தில் அந்நூலைக் கேட்டோர் அவை மற்றொன்று.

இனி உவமையின் வரலாறு வருமாறு. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் சென்ற ஒருவனைக் கள்வர் மறித்து, உடையைப் பறித்து, அடித்துக் குற்றுயிராக விட்டுப் போயினர். அவ்வழியே வந்த ஆசாரியன் ஒருவன் கண்டு விலகிச் சென்றான். லேவியன் ஒருவனும் அவ்வாறே சென்றான். பின்வந்த சமாரியன் ஒருவன் இரங்கி, காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டி, தன் ஊர்தியின்மேல் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்துப் பேணினான். மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்செலவு உண்டாயின் மீளுங்கால் தருவேன் எனச் சத்திரத்தானிடம் கூறிப் போயினான். அக்காசு ஒன்று ஒரு தொழிலாளன் ஒருநாட் கூலி என்பது மத்தேயு கூறும் திராட்சைத் தோட்டத்து உவமையால் விளங்கும். வழியோ மெய்யாகவே இறக்கமுடையது. எருசலேம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்திலும், எரிகோ கடல்மட்டத்திற்குக் கீழ் ஏறக்குறைய 250 மீட்டர் தாழ்விலும் உள்ளன; இடைவழி பாழ்நிலமும் பாறைப் பிளவுமாகியது.

இவ்வளவே படித்து, துன்புற்றார்க்கு உதவுக என்பதே இதன் கருத்தெனக் கூறி முடிப்பார் பலர். அக்கருத்து நன்றே, ஆயின், அதனைக் கூறுதற்குச் சமாரியன் வேண்டியதில்லை. வழிப்போக்கன் ஒருவன் உதவினான் என்றாலே போதும். பெயர் சுட்டப்பட்டமையின் காரணத்தை ஆராயாதவழி உவமையின் உயிர் நழுவிப்போம்.

முதற்கண் நோக்கற்பாலது வினா. வேதநூல் வல்லான் ஒருவன் எழுந்து, நித்திய வாழ்வை அடைய யாது செய்தல் வேண்டும் என இயேசுவைச் சோதித்து வினவினான். நூலில் யாது எழுதப்பட்டுள்ளது என இயேசு அவனையே எதிர்வினவ, இறைவனிடத்து முழு அன்பும் அயலானிடத்துத் தன்னிடத்துப் போன்ற அன்பும் வேண்டும் என்னும் இரண்டு கட்டளைகளை அவனே எடுத்து மொழிந்தான். முன்னது உபாகமத்திலும் பின்னது லேவியராகமத்திலும் உள்ளவை. விடை சரியே என இயேசு உடன்பட்டபின், தன்னை நேர்மையுடையானாகக் காட்ட விழைந்து, அயலான் யாவன் என்று இரண்டாம் வினாவை எழுப்பினான். இவ்வினாவிற்கு விடையாகவே உவமை வந்தது.

இதனோடொத்த செய்தி மாற்கிலும் மத்தேயுவிலும் உண்டு. ஆயின் அமைப்பு வேறு. மாற்கின்கண் வினவியவன் நல்லெண்ணமுடையோன். இரண்டு கட்டளைகளையும் கூறுபவர் இயேசு. கேட்டவன் அவை பலியினும் மேலானவை என உடன்பட, நீ இறையரசிற்குத் தொலைவில் இல்லை என அவர் பாராட்டுகின்றார். மத்தேயுவில் வினவியவன் சோதிக்க வந்தவன், பாராட்டு இல்லை. லூக்காவிலோ கட்டளைகளைக் கூறுபவன் வினவியவனே. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரு வரலாறாக்கிப் பொருளுரைப்பார், மூவர் கருத்தையும் இழந்து ஒருவரும் கூறாத நான்காவதொன்றைத் தாமே படைத்தோராவர்.

இரண்டாவது நோக்கற்பாலது சொல். வினாவின் நடுவிலுள்ள கிரேக்கச் சொல் அருகிலிருப்பவன் என்னும் பொருட்டு. லேவியராகமத்தில் அவ்வன்புக் கட்டளை தன் இனத்தாரைச் சுட்டும் சொல்லோடு இயைந்து நிற்கின்றது. அதே அதிகாரத்திற் சற்றுப் பின்னர், உடன் வாழும் அந்நியனிடத்தும் அவ்வாறே அன்பு செலுத்துக எனக் கூறப்படுகின்றது. ஆகவே, அயலான் என்னும் சொல்லின் எல்லை யாது என்பது நூல்வல்லார் வினவுதற்குரிய மெய்யான ஐயமேயாகும். போவர் ஐயர் தலைமையில் ஆக்கப்பட்டு 1871இல் முற்றுப்பெற்ற மொழிபெயர்ப்பின் வழிவந்ததும், புரொட்டஸ்டண்டு சபையாரிடத்துப் பெரிதும் வழங்குவதுமாகிய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்துப் பிறன் என்னும் சொல்லை ஆள்கின்றது. தமிழிற் பிறன் என்பது தன்னின் வேறாகிய ஒருவனை உணர்த்தும்; திருக்குறளிற் பிறனில் விழையாமை என்னும் அதிகாரப் பெயரில் அச்சொல் நிற்கும் நிலையும் அதுவே. தானல்லாத எவனும் பிறனாதலின், பிறன் யாவன் என்னும் வினா தமிழ்ச்செவிக்கு வினாவாகவே தோன்றாது. நெருக்கத்தைக் குறித்த சொல் வேற்றுமையைக் குறிக்குஞ் சொல்லாக மாறவே, எல்லை யாது என்னும் வழக்கு மறைந்தொழிந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அடுத்திருப்பவர் எனக் கொண்டமை மூலத்திற்கு அணுக்கமானது. மொழிபெயர்ப்பு ஒன்றையே பற்றி நின்று சுவிசேடத்தைக் கண்டிப்பாரும் புகழ்வாரும் இத்தகைய இடங்களிற் கருத்தூன்றுதல் வேண்டும்.

மூன்றாவது சமாரியன் யாவன் என்பது. சமாரியர் மோசேயின் ஐந்து நூல்களைத் தம் வேதமாகக் கொண்டோர். இறைவன் ஒருவனே எனக் கொண்டோர். வழிபாட்டிற்குரிய இடம் எருசலேம் அன்று, கெரிசிம் மலையே என்போர். அம்மலையிலிருந்த அவர் கோயிலை யூதர் ஆட்சித்தலைவனும் தலைமை ஆசாரியனுமாகிய யோவான் இர்க்கானு கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்தான். கி. பி. 6 முதல் 9 வரை உரோமர் ஆளுநனாயிருந்த கொப்போனியு காலத்தில், பாஸ்காத் திருவிழாவின் இரவில் சமாரியர் சிலர் எருசலேம் கோயிலுட் புகுந்து மனித எலும்புகளைச் சிதறினர் என யூத வரலாற்றாசிரியராகிய யோசீபசு எழுதுகின்றார். இயேசுவின் அவையிலிருந்தோருள் முதியோர் இச்செய்தியைத் தம் இளமையிற் கேட்டிருத்தல் கூடும். நல்ல சமாரியன் என்று இக்காலத்தார் எளிதாகக் கூறும் தொடர் அக்காலத்து யூதர் செவியில் ஒன்றோடொன்று பொருந்தாத இரு சொற்களாக ஒலித்திருக்கும். அச்சமூகத்தார் இன்றும் ஆயிரவர்க்குக் குறைந்த தொகையினராய்க் கெரிசிம் மலையிலும் இசுரேல் நாட்டு ஓலோன் நகரிலும் வாழ்கின்றனர்.

ஈண்டுக் குறிக்கொள்ளற்பாலது ஒன்று. சமாரியன் வேதமறியாத புறத்தவன் அல்லன். அயலானிடத்து அன்பு செய்க என்னும் கட்டளை அவன் வேதத்திலும் உள்ளது. சைவ நூலார் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுப்பர். அவ்வகுப்பு யூதர்க்குரியதன்று; ஆயினும் பகை முதிர்வது பெரிதும் தொலைவிலுள்ளாரிடத்தன்று, ஒரே நூலை இருவர் தமதெனக் கொள்ளும் இடத்திலே என்பதை அவ்வகுப்பைப் பயின்றோர் எளிதில் உணர்வர். தமக்கும் பகைவர்க்கும் பொதுவாகிய வேதத்தைப் பகைவனே நிறைவேற்றினான் என்பதே உவமையின் கூர்மை.

நான்காவது ஆசாரியனும் லேவியனும். இவ்விருவரைக் காட்டி, யூதவேதம் இரக்கமற்றதென்றும், தீட்டுக்கு அஞ்சி உயிரைக் கைவிடச் செய்வதென்றும், சடங்குடைய சமயமெல்லாம் இத்தன்மையவே என்றும் விரித்துரைப்பார் பலர். இது மூலத்திற் கூறப்படாத பொருளாகும். அவர் விலகியதற்குக் காரணம் லூக்கா கூறிற்றிலர். ஆசாரியர் நெருங்கிய உறவினரல்லாத பிணத்தால் தீட்டுறலாகாது என்னும் விதி லேவியராகமத்தில் உண்டென்பது மெய்யே. ஆயினும் வழியிற் கிடந்தவன் உயிருடையவன். அன்றியும் அவ்வாசாரியன் எருசலேம் கோயிலை நோக்கி ஏறிச் சென்றானல்லன், இறங்கிச் சென்றான் என நூல் வெளிப்படக் கூறுகின்றது. கி. பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவோ, வழியில் ஆதரவற்றுக் கிடக்கும் பிணத்தைக் கண்டவழித் தலைமை ஆசாரியனும் தீட்டுக்கு அஞ்சாது அடக்குதற்குரியன் என விதிக்கின்றது. பிணத்திற்கே இவ்வாறாயின் குற்றுயிரானவனுக்குக் கூறவேண்டுமோ? ஆகவே அவர் விலகியது வேதத்தைக் காத்தற்பொருட்டன்று, வேதத்தைக் கைவிட்டே என்பது பெறப்படும். உவமை கூறியவர் யூதர், கேட்டவன் யூதன், அளவுகோலாக நின்ற கட்டளைகளும் யூதவேதக் கட்டளைகள். இதனை யூதசமயத்திற்குப் புறத்தே நின்று எறிந்த கல்லாகக் கொள்ளுதல் முற்றும் முரணானது.

இன்னும், இரண்டாம் நாளாகமத்தின் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் ஒரு வரலாறு உண்டு. வடநாட்டுப் படையினர் யூதா நாட்டினரைச் சிறைப்பிடித்துச் சமாரியாவிற்குக் கொணர்ந்தனர். ஓதேது என்னும் தீர்க்கதரிசி இடித்துரைப்ப, அவ்வூர்த் தலைவர் சிலர் எழுந்து, சிறைப்பட்டோருள் ஆடையற்றார்க்கு ஆடை உடுத்தி, உணவும் நீரும் அளித்து, எண்ணெய் பூசி, நலிந்தோரைக் கழுதைகளின்மேல் ஏற்றி எரிகோவிற் கொண்டுவந்து விட்டனர். சமாரியா, எண்ணெய், ஊர்தி, எரிகோ என்பன உவமையினும் வருதலை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டுவர். பகைவன் செய்த இரக்கத்தை யூதர்தம் பழைய வேதமே போற்றி வைத்திருந்தது. அதனை நினைவூட்டுதலே உவமையின் செயல் எனலும் பொருந்தும்.

ஐந்தாவது வினாவின் திருப்பம். வேதநூல் வல்லான் வினவியது, தன் அன்பிற்கு உரியவன் யாவன் என்பது. இயேசு முடிவில் வினவியதோ, அடிபட்டவனுக்கு அயலானாக நின்றவன் மூவருள் யாவன் என்பது. முன்னதில் வினவுவோன் அன்பு செய்யும் நடுவிடத்தில் நிற்கின்றான். பின்னதில் அவன் வழியிற் கிடப்பவன் இடத்திற் கிடந்து நோக்கவேண்டியவனாகின்றான். ஆங்குக் கிடப்பவனுக்கு வருபவன் இனமும் கோயிலும் ஆராய்தற்கு இடமில்லை. கிடப்பவனுடைய இனத்தையும் வருவோர் அறிதற்கு வழியில்லை; உடையாலும் பேச்சாலுமே இனம் அறியப்படும், அவன் உடை பறிக்கப்பட்டது, பேச்சும் அடங்கிற்று. எல்லை வகுத்தற்கு வேண்டிய அடையாளம் அனைத்தையும் உவமை தொடக்கத்திலேயே நீக்கிவிட்டது. இறுதியில் வேதநூல் வல்லான் சமாரியன் என்னும் பெயரைக் கூறாது, இரக்கஞ் செய்தவன் என விடையிறுத்தான். அது பெயரை நாவாற் கூறவும் மனம் பொருந்தாமையைக் காட்டும் என்பர் சிலர். பெயரை விட்டுச் செயலைப் பற்றினமையின் அவன் கற்றுக்கொண்டமையைக் காட்டும் என்பர் வேறு சிலர். இரண்டிற்கும் மூலம் இடந்தருதலின் ஒன்றனையே துணிந்துரைத்தல் மிகை.

ஆறாவது நூலின் முன்பின். இவ்வுவமைக்கு முன்னதாகிய ஒன்பதாம் அதிகாரத்தில், இயேசு எருசலேமை நோக்கிச் செல்கின்றார் என்பதனால் சமாரியர் ஊரொன்று அவரை ஏற்க மறுத்தது. வானத்தினின்று தீயை வருவித்து அவ்வூரை எரிக்கலாமோ என மாணாக்கர் இருவர் கேட்ப, அவர் அவரைக் கடிந்து வேற்றூருக்குச் சென்றார். பதினேழாம் அதிகாரத்தில் தொழுநோய் நீங்கிய பதின்மருள் மீண்டுவந்து நன்றி கூறியவன் சமாரியன் ஒருவனே. லூக்காவே இயற்றிய அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்திற் சமாரியா நாடு சுவிசேடத்தை ஏற்றுக்கொள்கின்றது. மத்தேயுவிலோ, சமாரியர் பட்டணங்களுட் புகாதீர் என மாணாக்கர்க்கு இட்ட ஆணை உண்டு. ஆகவே சமாரியரைப் பற்றிய சுவிசேடங்களின் கருத்து என ஒரே கருத்தைக் கூறுதல் இயலாது. லூக்காவின் கருத்து இது, மத்தேயுவின் கருத்து அது எனப் பகுத்தே கூறல் வேண்டும். தன்னை ஏற்க மறுத்த ஊராருள் ஒருவனையே தன் உவமையின் தலைமகனாகச் சிறிது பொழுதிற்குள் இயேசு நிறுத்தினார் என்னும் நுட்பம், ஒன்பதாம் அதிகாரத்தைப் படியாதார்க்குப் புலப்படாது.

இனிப் பழைய உரைகளை ஆராயலாம். கிறித்தவ ஆசிரியருள் ஓரிகன், அகஸ்தீன் முதலியோர் இவ்வுவமையை உருவகமாகக் கொண்டு, அடிபட்டவன் ஆதாம், கள்வர் தீய சத்திகள், சமாரியன் கிறித்து, சத்திரம் திருச்சபை எனப் பொருத்திக் காட்டினர். அகஸ்தீன் எரிகோவைத் தேய்ந்து மறையும் திங்களாகவும், சத்திரத்தானைப் பவுலாகவும் கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞராகிய அடால்பு யூலிகர் இம்முறையை மறுத்து, உவமை ஒவ்வொன்றும் ஒரு கருத்தையே வற்புறுத்தும், உறுப்புத்தோறும் மறைபொருள் காண்டல் வேண்டா என நாட்டினார். உருவகவுரை அடியார் உள்ளத்திற்குத் தியானப் பொருளாதல் கூடும். புராணங்களுக்கும் கோயிலமைப்பிற்கும் தத்துவப் பொருள் கூறும் சைவர் அதனை இகழ்தற்கு இடமில்லை. ஆயினும் அது முதற்பொருள் ஆகாது. யாங்ஙனமெனின், வினவியவன் அவ்வுரையாற் பெறுவது யாதுமில்லை. அயலான் யாவன் என்றவனுக்குத் திங்களும் பவுலும் விடையாகார். முதற்பொருளைத் தெளிந்தபின் அதன்மேற் கொள்ளும் தியானம் அழகு செய்யும். முதற்பொருளை மறைத்து நிற்பின் அது நூலுக்குப் பகையாம்.

அற்றேல், இவ்வுவமையை இயேசு மெய்யாகக் கூறினாரோ, லூக்காவே புனைந்தாரோ எனின், அது வேறு வினா. 1985இல் அமெரிக்க நாட்டில் இராபர்ட்டு பங்கு என்பார் தொடங்கிய இயேசு கருத்தரங்கத்தார், 1993இல் வெளியிட்ட நூலில் இதனை இயேசுவின் சொல்லே என்னும் உறுதிமிக்க வகுப்பிற் சேர்த்தனர். கத்தோலிக்க அறிஞராகிய யோவான் மேயர் 2016இல் வெளியிட்ட நூலில் இது லூக்காவின் ஆக்கமே என வாதித்தார். ஆராய்ச்சி வல்லார் இங்ஙனம் மாறுபடுமிடத்து ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்காட்டி வெற்றி கொண்டாடுதல் நேர்மையன்று. யார் கூற்று என்பது ஐயமாயினும், நூலின்கண் அது நிற்குமிடத்து அதன் பொருள் யாது என்பது மேற்காட்டிய வழியால் தெளியப்படும். வரலாற்று வினாவையும் பொருள் வினாவையும் ஒன்றாக மயக்காமையும் பொருள்கோள் நெறியில் ஓருறுப்பாகும்.

சைவர்க்கு இவ்வாராய்ச்சியால் ஆவதென்னை எனக் கடாவுவார்க்கு விடை சைவ வரலாற்றிலேயே உள்ளது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, பரபக்கத்தில் மாற்றார் கொள்கையை முதலில் அவர் கூறுமாறே எடுத்து வைத்துப் பின்னரே மறுத்தார். மாற்றான் தன் கொள்கையென ஒப்புக்கொள்ளாத ஒன்றை மறுப்பது வெற்றியன்று என்பது அந்நூலமைப்பாற் போதரும். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெசுலியன் சங்கத்துப் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். பின்னர் 1854இல் அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம், பாதிரிமார் சைவக் கிரியைகளைப் பழித்தவழி, அவர்தம் வேதத்தின் இடங்களையே எடுத்துக்காட்டி விடையிறுப்பது. பல்லாண்டு அந்நூலை முழுமையாகப் பயின்றதன் பயன் அவ்விடைகளிற் காணப்படும். சிலவசனக் கல்வியால் அது கைகூடியிருத்தல் இயலாது.

இதுகாறும் கூறியவாற்றால், சுவிசேடப் பகுதி ஒன்றற்குப் பொருள்கொள்ளப் புகுவார் எழுப்பிய வினாவையும், மூலச்சொல்லின் ஆற்றலையும், அக்கால மக்கள் நிலையையும், அவர்க்கு முன்னிருந்த வேதத்தையும், அவ்வாசிரியன் நூலின் முன்பின்னையும், ஏனை ஆசிரியரோடு அவன் வேறுபடுமிடத்தையும் ஆராய்ந்தே துணிதல் வேண்டும் என்பது பெறப்பட்டது. இவற்றுள் எதுவும் கிறித்தவர்க்கு மட்டும் உரிய கருவியன்று. அவரும் சைவ நூலை இவ்வாறே பயிலுதல் வேண்டுமென எதிர்பார்க்கும் உரிமை, அவர் நூலை இவ்வாறு பயின்றார்க்கே உரியது. உவமையின் இறுதியில் வேதநூல் வல்லானுக்குக் கிடைத்தது பாராட்டன்று, சென்று அவ்வாறே செய் என்னும் கட்டளை. பகைவனாகக் கருதப்பட்டவனிடத்தும் நன்மை காணக் கற்பிக்கும் ஒரு கதையைப் பிற சமயத்தார்மேல் எறியும் கல்லாக ஆக்கிக்கொள்ளாமை, அதனைக் கற்றார் எச்சமயத்தராயினும் அவர்க்கு முதற்கண் உள்ள கடமையாகும்.